பத்தாயிரம் ஆண்டு ஆக்கிரமிப்பு

அந்தத் துறையில் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அலைந்து திரிந்துகொண்டிருந்த மனிதன் முதன்முதலாக ஓரிடத்தில் உட்கார்ந்தது எங்கே, எப்போது, எதற்காக என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். நேர்முகத் தேர்வில் அதையே சொன்னாள். எதிரே இருந்த மூன்று அதிகாரிகளும் ரொம்பவும் ரசித்துத் தலையாட்டினார்கள். வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "இங்க உட்காருங்க" என்றார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மனிதன் ஓரிடத்தில் உட்கார்வதைப் பற்றி அவள் நேரடியாக அறிந்துகொண்டதெல்லாம் அந்த நாற்காலியில்தான்.

தொன்மைக் காப்புத் துறைக்கு மூன்று தளங்கள். கீழே தபால், நடுவே பணியமைப்பு, மேலே இயக்குநர். அகழாய்வுப் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே கூரை சரிந்து வரும். எழும்போது இடப்பக்கமாக எழ வேண்டும். வலப்பக்கம் எழுந்தால் மண்டை உடையும். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு ஆண்டும் மூன்று தையலும் ஆயின. துறையில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் மண்ணைத் தோண்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரும் சேர்ந்து அவளைத் தோண்ட விடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். அவர்களில் பலருக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

ஆண்டுதோறும் அவள் அகழாய்வு அனுமதி கேட்டு விண்ணப்பிப்பாள். ஆண்டுதோறும் அது ஒரு குறிப்போடு திரும்பி வரும். ஓராண்டு, 'வரைபடத்தில் வடக்கு மேலே உள்ளது. காரணம் தெரிவிக்கவும்' என்று வந்தது. இன்னோர் ஆண்டு, 'கிடைக்கவிருக்கும் பொருள்களின் பட்டியலை, கிடைக்கவிருக்கும் தேதியுடன் இணைக்கவும்' என்று வந்தது. ஒரு தடவை எந்தக் குறிப்பும் இல்லாமல், தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறையோடு மட்டும் வந்தது. அதையும் ஏதோ ஒப்புதல் முத்திரை என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் ஆதிமனிதர் மூட்டிய அடுப்புகளைப் பற்றியது. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'அடுப்பக்கா' என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் அவளுக்கு வரும் கோப்புகளின் மேல் பென்சிலால் அப்படித்தான் எழுதியிருக்கும்.

இருபதாவது ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், கண்காணிப்பாளர் தாமே மாடிப்படிக்கு அடியில் வந்தார். வந்த வேகத்தில் கூரையில் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடியே, "மேடம், உங்களுக்கு உத்தரவு வந்திருக்கு" என்றார்.

"என்ன உத்தரவு சார்?"

"தோண்டச் சொல்லி."

அவள் வலப்பக்கமாக எழுந்துவிட்டாள். இருவரும் கொஞ்ச நேரம் ஆளுக்கொரு மண்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதைக் கண்டுபிடிக்கணும் சார்?" என்றாள், கண்ணில் நீர் முட்ட. வலியா மகிழ்ச்சியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணுமில்லாததை" என்றார் கண்காணிப்பாளர்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, வற்றிப்போன ஏரிக்கரையில் துறைக்கு ஒரு நிலம் இருந்தது. அதில் ஒன்பது மாடியில் புதிய தலைமை அலுவலகம் கட்டப்போகிறார்கள். ஆனால் எந்த நிலத்தில் எவர் கட்டடம் கட்டினாலும், அடியில் பழம்பொருள் எதுவும் இல்லை என்று தொன்மைக் காப்புத் துறை இன்மைச் சான்றிதழ் தர வேண்டும் என்பது விதி. தனக்குத் தானே தர வேண்டியிருப்பதால் துறை இந்தத் தடவை ரொம்பக் கறாராக இருந்தது. பதினோரு நாள் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. சான்றிதழையும் அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார் கண்காணிப்பாளர். 'மேற்படி நிலத்தில் எதுவும் கிடைக்கவில்லை' என்பதன் கீழே அவள் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தது.

"ஏதாவது கிடைச்சா?" என்று கேட்டாள்.

கண்காணிப்பாளர் சிரித்தார். "மேடம், எழுபத்தோரு வருஷமா இந்தத் துறைக்கு எதுவும் கிடைச்சதில்ல. உங்களுக்கு மட்டும் கிடைச்சிடுமா?"

மறுநாள் விடிந்ததும் அவள் ஏரிக்கரையில் இருந்தாள். துணைக்கு ஒரு மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும். மேஸ்திரி நாற்பது ஆண்டுகளாகக் கிணறும் அஸ்திவாரமும் தோண்டியவர். செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் நாலு நடை நடந்தார். ஓரிடத்தில் நின்று குதிகாலால் இரண்டு தடவை தட்டினார்.

"அம்மா, இந்த மண்ணு சும்மா கிடந்த மண்ணு இல்ல. யாரோ மிதிச்ச மண்ணு."

"எப்ப மிதிச்சது?"

"அத நீங்கதான் சொல்லணும். எனக்கு மிதிச்சது மட்டும்தான் தெரியும்."

மூன்றாம் நாள், இடுப்பளவு ஆழத்தில், மண் நிறம் மாறியது. அவள் எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டுச் சின்னக் கரண்டியும் தூரிகையுமாகத் தனியே இறங்கினாள். முதலில் ஒரு கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் ஒன்று. மத்தியானத்துக்குள் ஒன்பது கற்கள் வட்டமாக வந்துவிட்டன. நடுவே செங்கல் நிறத்தில் சுட்ட மண், அதன் மேல் விரலில் ஒட்டும் கரி. குழியின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்த மேஸ்திரி, "என்னம்மா அது?" என்றார்.

"அடுப்பு!" என்று கத்தினாள். "அடுப்பு மேஸ்திரி! அடுப்பு!"

ஆட்களில் ஒருவர் யாருக்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார்.

ஒரு அடுப்பு என்றால் பெரிய விஷயமில்லை. வழிப்போக்கன் ஒருவன் ஒருநாள் தீ மூட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கற்களைக் கலைக்காமல் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தபோது, அந்த அடுப்புக்குக் கீழே இன்னோர் அடுப்பு இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. ஏழாம் நாள் முடிவதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுப்புகள். அதாவது, ஒருவர் விட்ட இடத்திலேயே இன்னொருவர் வந்து மூட்டியிருக்கிறார். அம்மா மூட்டிய இடத்தில் மகள், மகள் மூட்டிய இடத்தில் அவள் மகள். சுற்றிலும் கம்பு நட்ட குழிகள் வட்டம் வட்டமாக மூன்று வீடுகளைக் காட்டின. தானியம் அரைத்துத் தேய்ந்த கல் ஒன்று. மீன் முட்கள் குவியலாக. இவர்கள் போகிற போக்கில் தங்கியவர்கள் இல்லை. வந்தவர்கள், இருந்தவர்கள், இங்கேயே இருப்போம் என்று முடிவு செய்தவர்கள். அவள் இருபது ஆண்டுகளாகத் தேடியது அவர்களைத்தான்.

ஒன்பதாம் நாள், அடுப்புக்குப் பூசிய களிமண் கட்டி ஒன்று கிடைத்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தாள். யாரோ பூசிவிட்டுப் பெருவிரலால் அழுத்தியிருக்கிறார்கள். ரேகை அப்படியே இருந்தது, சுழி சுழியாக. அவள் தன் பெருவிரலை அதன் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையதைவிடச் சிறிய விரல். குழிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் சிரித்தாள், ஒரு பாட்டம் அழுதாள். மேஸ்திரி தம் ஆட்களை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

கரித்துண்டுகள் காலக்கணிப்பு ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வந்தது: பத்தாயிரத்து நானூறு ஆண்டுகள், கூடவோ குறையவோ எண்பது.

அறிக்கையோடு அவள் நடுத் தளத்துக்கு ஓடினாள். கண்காணிப்பாளர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் முகம் தொங்கிவிட்டது.

"என்ன மேடம் இது? படிவத்துல 'எதுவும் கிடைக்கவில்லை'ன்னுதான் இருக்கு. கிடைச்சதை எழுதறதுக்கு இடமே இல்லையே."

"பின்பக்கம் எழுதட்டுமா?"

"பின்பக்கம் 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.'" அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்புறம் இதென்ன, கூடவோ குறையவோ எண்பதுன்னு? உறுதியா தெரியாதா? உங்க பிறந்த வருஷத்துக்குப் பக்கத்துல கூடவோ குறையவோ எண்பதுன்னு போட்டிருந்தா உங்களை வேலைக்கு எடுத்திருப்பாங்களா?"

விவகாரம் மேல் தளத்துக்குப் போனது. இயக்குநரின் அறையில் புதிய கட்டடத்தின் மாதிரி ஒன்று, மேசை முழுக்க, அட்டையில் செய்து வைத்திருந்தது. சின்னச் சின்ன அட்டை மரங்கள், அட்டைக் கார்கள், உச்சி மாடியில் அட்டையில் ஓர் இயக்குநர். அவள் கொண்டுபோன வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். அடுப்பு சரியாக இயக்குநரின் தனி அறைக்கு நேர் கீழே வந்தது.

இயக்குநர் அட்டை இயக்குநரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஆக, என் அறையில எனக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்திருக்கார்."

"ஆமா சார். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி."

"பணிமூப்புப் பிரச்சினை வருமா?" என்று கண்காணிப்பாளரைக் கேட்டார். கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு இயக்குநர் எழுந்து, ஜன்னலருகே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். அவர் எப்போதுமே கல்லில் பொறிப்பதற்கு ஏற்ற தமிழில் பேசுவார்.

"அம்மா, நம் துறையின் பெயர் என்ன? தொன்மைக் காப்புத் துறை. நம் கடமை காப்பது. ஒன்றைக் கண்டெடுத்துவிட்டால் அதைக் காக்க வேண்டியிருக்கும். அதில் எவ்வளவு சிக்கல்! கண்டெடுக்காமல் விட்டுவிட்டாலோ, அது மண்ணுக்குள் தானாகவே பத்திரமாக இருக்கிறது. எழுபத்தோரு ஆண்டுகளில் நம் கையால் ஒரு பழம்பொருள்கூடச் சேதமானதில்லை. ஏன்? எதையுமே நாம் தொட்டதில்லை. இந்தச் சாதனையை நீங்கள் பதினோரே நாளில் குலைத்துவிட்டீர்கள்."

"சார், அது மனுஷங்க முதல்ல குடியேறின இடம்..."

"குடியேற்றமா, தற்காலிகத் தங்கலா என்பதை நீங்களும் நானும் எப்படி முடிவு செய்வது? அதற்கென்று ஒரு குழு போட வேண்டும்."

மூன்று பேர் கொண்ட குழு போடப்பட்டது. ஒருவர் நாணய அறிஞர். ஒருவர் கல்வெட்டு அறிஞர். தலைவர், முன்னாள் இயக்குநர்; அவர் எந்த அறிஞரும் இல்லை என்பதால் நடுநிலையாளர். ஏரிக்கரையில் பந்தல் போட்டு, மேசை விரிப்பு விரித்து, பிஸ்கட் வைத்தார்கள். கல்வெட்டு அறிஞர் உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் நாற்காலியின் பின்னங்கால், அவள் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்திருந்த ஒரு கம்புக் குழிக்குள் இறங்கிவிட்டது. பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழிக்கு ஒரு கால் கிடைத்தது. அறிஞர் மல்லாந்தார். மேஸ்திரி ஓடிப்போய் முதலில் குழியைப் பார்த்தார், அப்புறம்தான் அறிஞரைத் தூக்கினார்.

"நாணயம் ஏதாவது கிடைச்சுதா?" என்றார் நாணய அறிஞர்.

"அப்ப நாணயமே கிடையாது சார்."

"பின்ன எப்படிக் குடித்தனம் பண்ணாங்க?" அவர் சந்தேகத்தோடு பிஸ்கட்டைக் கடித்தார்.

கல்வெட்டு அறிஞர் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எழுத்து?"

"எழுத்தும் இல்ல சார். அதுக்கு இன்னும் பல ஆயிரம் வருஷம் இருக்கு."

"அப்ப இவங்க இங்க இருந்தாங்கன்னு யார் எழுதிக் கொடுத்தது?"

"அடுப்பு இருக்கு சார். ஏழு அடுப்பு."

"அடுப்பு எங்க வீட்லகூட இருக்கு" என்றார் குழுத் தலைவர். அதோடு விவாதம் முடிந்தது.

குழுவின் அறிக்கை நான்காம் நாளே வந்தது. முன்மாதிரியான அறிக்கை. மேற்படி நபர்கள் மேற்படி நிலத்தில் தங்கியதற்குத் தடயங்கள் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தங்குவதற்கு அவர்கள் எந்த அலுவலகத்திலும் முன் அனுமதி பெற்றதாகத் தெரியவில்லை. வீடு கட்டியிருக்கிறார்கள், வரைபட ஒப்புதல் இல்லை. தீ மூட்டியிருக்கிறார்கள், தீயணைப்புத் தடையின்மைக் கடிதம் இல்லை. எனவே இது குடியேற்றமும் அன்று, தற்காலிகத் தங்கலும் அன்று. துறை நிலத்தில் நடந்த ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பாளர்களை உரிய முறையில் அகற்றிவிட்டுக் கட்டுமானத்தைத் தொடங்கலாம்.

'உரிய முறை' என்ற இரண்டு சொற்கள்தான் பின்னால் எல்லோரையும் தெருவில் நிறுத்தின. ஏனென்றால் அறிக்கை சட்டப் பிரிவுக்குப் போனது. சட்டப் பிரிவின் அலுவலர் ஓர் ஒல்லியான அம்மாள். அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். துறையின் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு யார் மேலும் கோபமோ பிரியமோ கிடையாது. விதி என்ன சொல்கிறதோ அது. ஆக்கிரமிப்பாளரை அகற்ற வேண்டுமென்றால் முப்பது நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று விதி சொன்னது. ஒட்டினார்கள்.

ஏழாவது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அதில் அட்டையைக் கட்டியிருந்தார்கள்: 'ஐயா / அம்மா, தாங்கள் மேற்படி நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருந்து வருவது துறையின் கவனத்துக்கு வந்துள்ளது. இவ்வறிவிப்புக் கண்ட முப்பது நாள்களுக்குள் தாங்கள் தங்கள் உடைமைகளுடன் வெளியேற வேண்டும், அல்லது எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்.' அறிவிப்பைக் கொண்டுவந்த ஊழியர் குழிக்குள் எட்டிப் பார்த்து, யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா என்று பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, 'பெற்றுக்கொள்ள மறுத்தனர்' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் அறிவிப்பின் நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவள் கணவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். வீட்டில்கூடக் கழுத்தில் விசில் தொங்கும். சத்தமாகவே பேசுவார், மைதானத்துப் பழக்கம்.

"ஏங்க, முப்பது நாள்ல இடிச்சிடுவாங்க" என்றாள். "இருபது வருஷம் காத்திருந்தேன். பதினோரு நாள்தான் பார்த்தேன்."

அவர் அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். "பத்தாயிரம் வருஷமா ஒரே இடத்துல இருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்றாங்களா? நாமே நாலு வீடு மாத்தியாச்சு. எந்த வீட்டுக்காரரும் நம்மளை இப்படி எழுதி ஒட்டினதில்லையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து நாளாக வராத சிரிப்பு. சிரித்துக்கொண்டே மறுபடி அறிவிப்பைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க... 'அல்லது எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்'னு போட்டிருக்கு."

"ஆமா."

"விளக்கம் கொடுத்துட்டா?"

"யாரு கொடுக்கறது?"

"அவங்கதான்."

விளக்கக் கடிதத்தை மூன்று பேருமாக எழுதினார்கள். மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தாள். 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் அறிவிப்பு கிடைக்கப் பெற்றோம். நாங்கள் மேற்படி இடத்தில் பத்தாயிரத்து நானூறு ஆண்டுகளாக (கூடவோ குறையவோ எண்பது) குடியிருந்து வருகிறோம். எங்களுக்கு முன்னால் இங்கே யாரும் இல்லை. ஏரி மட்டும் இருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.' கடைசியில் கையெழுத்து எப்படிப் போடுவது என்று யோசித்தார்கள். களிமண் கட்டியிலிருந்த பெருவிரல் ரேகையின் புகைப்படத்தை ஒட்டினாள். 'இது எங்கள் கைநாட்டு.' சாட்சியாக மேஸ்திரி கையெழுத்திட்டார்.

"பொய்ச் சாட்சி ஆயிடாதா மேஸ்திரி?" என்றார் கணவர்.

"எது பொய்? அவங்க கைநாட்டை நான் கண்ணால பார்த்தேனே."

சட்டப் பிரிவில் உட்பிரிவு அம்மாள் உருப்பெருக்கியை வைத்து ரேகையைப் பார்த்தார். "ரேகை தெளிவா இருக்கு" என்று எழுதினார். விளக்கம் வந்துவிட்டால் விசாரணை வைத்தாக வேண்டும். வைத்தார்கள். அடிக்கல் நாட்டு விழா தள்ளிப்போனது.

விசாரணை மேல் தளத்தில் நடந்தது. அட்டைக் கட்டடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இயக்குநர் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் வராந்தாவுக்குப் போய் மூன்று தடவை கூப்பிட்டார்: "மேற்படி ஆக்கிரமிப்பாளர்கள்! மேற்படி ஆக்கிரமிப்பாளர்கள்! மேற்படி ஆக்கிரமிப்பாளர்கள்!" தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்திருந்தவர் ஒருவர் பயந்துபோய்ப் படியிறங்கி ஓடினார். துறை ஊழியர் துறைக்கு எதிராகப் பேசக் கூடாது என்பதால் அவள் சுவரோரம் நின்றாள். குடியிருப்பவர்கள் சார்பில் அவள் கணவர் எழுந்தார். எழும்போது பழக்கதோஷத்தில் விசில் ஊதிவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், இயக்குநர் உட்பட.

"சார், நான் ஓட்டப்பந்தயம் நடத்தறவன். யாரு முதல்ல வர்றாங்களோ அவங்கதான் முதல். கடைசியா வந்தவர் முதல்ல வந்தவரைப் பார்த்து 'நீ எப்படி வரலாம்'னு கேட்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இயக்குநர் புன்னகைத்தார். "உணர்ச்சிவசப்பட வேண்டாம். விதி என்ன?"

உட்பிரிவு அம்மாள் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "விதி முப்பத்தொண்ணு, உட்பிரிவு ஆ. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடையூறின்றிக் குடியிருப்பவரை அகற்ற இயலாது. இவங்க பத்தாயிரத்து நானூறு வருஷம். எண்பதைக் கழிச்சாலும் போதும்."

இயக்குநர் மேசையைத் தட்டினார். இந்தத் தடவை கல்வெட்டுத் தமிழ் வரவில்லை. "அவங்கதான் எப்பவோ செத்துப் போயிட்டாங்களே!"

"அப்படியா சார்? இறப்புச் சான்றிதழ் இருக்கா?" என்றார் அம்மாள்.

கண்காணிப்பாளர் கோப்பை ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பார்த்தார்.

"சான்றிதழ் இல்லாம யாரையும் இறந்ததா எடுத்துக்கக் கூடாது. விதி எட்டு. நீங்களே போட்ட சுற்றறிக்கைதான் சார், ஓய்வூதிய விஷயத்துல." அம்மாள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "அது மட்டும் இல்ல. துறைக்கு இந்த நிலம் கிடைச்சு ஒன்பது வருஷம்தான் ஆச்சு. இவங்க ஏற்கெனவே குடியிருக்கற இடத்துல நாம பந்தல் போட்டிருக்கோம், நாற்காலி போட்டிருக்கோம், பிஸ்கட் சாப்பிட்டிருக்கோம். விதிப்படி பார்த்தா, ஆக்கிரமிப்பாளர் நாமதான்."

"நாமா?" என்றார் இயக்குநர்.

"முப்பது நாள் அவகாசம் இருக்கு சார்" என்றார் அம்மாள் ஆறுதலாக.

துறை இருபத்தெட்டாம் நாளே வெளியேறிவிட்டது. இயக்குநருக்கு விதியை மீறிய கெட்ட பெயர் வரக் கூடாது. நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. வாசலில் பலகை வைத்தார்கள்: 'இது குடியிருப்பாளர்களின் இடம். தொன்மைக் காப்புத் துறையினர் உள்ளே நுழையக் கூடாது.' துறையினர் நுழையாமல் பார்த்துக்கொள்ளத் துறையே ஒரு காவலாளியையும் போட்டது. மண்வாரி இயந்திரங்கள் வேறு பக்கம் போய்விட்டன. ஏழு அடுப்புகளும் பிழைத்தன. அவள் தலைகால் புரியாமல் நடுத் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையே படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவை இறங்கும்போதுதான் உறைத்தது. அவளும் துறையினரில் ஒருத்திதான்.

அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். 'குடியிருப்பாளர்களிடம் உரிய வழியில் கேட்டுப் பெறவும்' என்று திரும்பி வந்தது. அவள் ஒரு வாரம் மாடிப்படிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய வீட்டை அவர்களுக்கே வாங்கிக் கொடுத்தாயிற்று. தான் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். எட்டாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வேலிக்கு வெளியே நின்றாவது பார்க்கலாம்.

காவலாளி புதியவர். நடுத்தர வயது. மடியில் பெரிய பதிவேடு.

"துறை ஆளுங்களா?"

"இன்னிக்கு லீவு" என்றாள்.

"துறை ஆளுங்களை விடக் கூடாது. வீட்டுக்காரங்களைப் பார்க்க வர்ற விருந்தாளிங்கன்னா எழுதிக்கிட்டு விடலாம்." அவர் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பெயர்கூட இல்லை. "வீட்டுக்காரங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். ஆராய்ச்சியாளர் என்று சொல்ல வந்தது, நின்றது. பொய் சொல்லவும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

"சொந்தம்."

"எந்த வழியில?"

"அம்மா வழியிலயும் சொந்தம், அப்பா வழியிலயும் சொந்தம்."

காவலாளி இரண்டையும் எழுதிக்கொண்டார். "இவரு?"

"நானும் அப்படித்தான்" என்றார் மேஸ்திரி.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?"

"ஆமா. கொஞ்சம் தூரம்" என்றாள் அவள். "அண்ணன் முறை வேணும்."

காவலாளியின் பேனா நின்றது. அவளைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், வேலிக்கு உள்ளே பார்த்தார். "எத்தனை வருஷத்துக்கு முந்தின ஆளுங்க அவங்க?"

"பத்தாயிரம்."

"அப்படின்னா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும்ல சொந்தமாகணும்?"

"ஆகாம? உங்க பேரையும் எழுதிக்கோங்க."

அவர் தம் பெயரை மற்ற இரண்டையும்விட நிதானமாக, அழகாக எழுதினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். எழுந்து வாயிற்கதவைத் திறந்து, அவர்களுக்கு வழிவிடாமல், தாமே முதலில் உள்ளே போனார்.

குழிக்குள் மூவரும் குந்தி உட்கார்ந்தார்கள். அவள் மேலே விரித்திருந்த சாக்கை விலக்கினாள். ஒன்பது கற்களும் வைத்தபடி இருந்தன. காவலாளி கற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அப்புறம், துறையில் ஊதியம் வாங்கும் யாரும் இத்தனை காலத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இதுல என்ன சமைச்சாங்க?"

அவள் முட்கள் குவிந்திருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"மீன்" என்றாள்.

"என்ன மீன்?"

"கெளுத்தி" என்று முந்திக்கொண்டார் மேஸ்திரி, கூட உட்கார்ந்து சாப்பிட்டவரைப் போல.